பறவை எச்சத்தில் பிறந்த பண்ணையார் வீடு: கிப்ஸ் குடும்பத்தின் கதை

கேள்வி இதுதான்: "19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வியாபாரிகள் பலர் கிராமத்துப் பக்கம் நிலம் வாங்கிப் பெரிய மனிதர்களாக மாறினார்கள் என்று படிக்கிறோம். அது நடந்த விதத்தை ஒரே ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்ல முடியுமா? பணம் எங்கிருந்து வந்தது, கடைசியில் என்ன ஆனது?"

முடியும். வில்லியம் கிப்ஸ் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில், சாமர்செட் மாவட்டத்தின் ராக்ஸால் ஊரில் இருக்கும் டின்ட்ஸ்ஃபீல்டு மாளிகையைக் கட்டியவர். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பறவை எச்சத்தில் தொடங்கி மாளிகையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. இந்தக் குடும்பத்தை உந்தித் தள்ளியது ஒரு கடன். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலேயர் 'ஸ்குவையர்' என்று சொல்வதை நாம் 'ஜமீன்தார்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அது முழுக்கச் சரியில்லை. நம் ஜமீன்தார் அரசுக்காக வரி வசூலித்துக் கட்டியவர். ஸ்குவையருக்கு அந்த வேலை கிடையாது. நிலம் சொந்தம், குத்தகைக்காரர்கள் வாடகை கொடுப்பார்கள், ஊர் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக அவரே உட்காருவார், பல ஊர்களில் தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமைகூட அவர் கையில் இருக்கும். கிட்டத்தட்ட நம் ஊர்ப் பண்ணையார் மாதிரி. இந்தக் கடைசி உரிமையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கிப்ஸ் வம்சத்தின் வேர் டெவன் மாவட்டத்தில், எக்ஸிட்டருக்கு அருகே கிளிஸ்ட் செயின்ட் ஜார்ஜ் என்ற ஊரில். வில்லியமின் தாத்தா ஜார்ஜ் ஆபிரகாம் கிப்ஸ் எக்ஸிட்டரில் அறுவை மருத்துவர், வசதியானவர். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் விக்கரி, சட்டம் படித்து அரசின் தலைமை வழக்கறிஞராகவும், பிறகு தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தவர். இன்னொருவர் ஆன்டனி. இவர்தான் வில்லியமின் அப்பா.

ஆன்டனி கம்பளித் துணி வியாபாரத்தில் இறங்கினார். எக்ஸிட்டர் பகுதியின் கம்பளித் துணிக்கு ஸ்பெயினில் நல்ல சந்தை இருந்த காலம். ஆனால் 1789இல் திவாலாகிப் போனார். அவர் மட்டும் கவிழவில்லை. மகனை நம்பிப் பின்னால் நின்ற தகப்பனாரையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டார். ஒரு கௌரவமான மருத்துவர் குடும்பம், மகனால் ஊர் நடுவே தலைகுனிந்து நின்றது. ஆன்டனி மனைவியைக் கூட்டிக்கொண்டு மாட்ரிட் போய், பிறர் சரக்கை விற்றுக் கொடுக்கும் முகவராக வாழ்க்கையை மறுபடி தொடங்கினார். அங்கேதான் 1790இல் வில்லியம் பிறந்தார். பிறக்கும்போதே தலைமேல் அப்பா, தாத்தா இருவரின் கடனும் இருந்தது.

ஸ்பெயினும் இங்கிலாந்தும் போரில் இறங்கியபோதெல்லாம் ஆன்டனியின் வியாபாரம் ஆட்டம் கண்டது. கடைசியில் கைகொடுத்தது அண்ணன் விக்கரியின் செல்வாக்கு. நெப்போலியன் போர்ச்சுகலுக்குள் படை அனுப்பிய பிறகு, லண்டனில் மாட்டிக்கொண்ட போர்ச்சுகீசியச் சொத்துகளைக் கையாள 1808இல் சிலரை நியமித்தார்கள். அதில் ஆன்டனிக்கு ஓர் இடம் கிடைத்தது. அதே ஆண்டு லண்டனில் அவர் தொடங்கிய கடைதான் பிற்பாடு 'ஆன்டனி கிப்ஸ் அண்ட் சன்ஸ்' ஆனது. 1815இல் அவர் இறந்தார். கடையும் கடனும் பிள்ளைகளுக்கு வந்தன.

மூத்தவர் ஜார்ஜ் ஹென்றி, இளையவர் வில்லியம். சட்டப்படி பார்த்தால், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் திவாலான அப்பாவின் கடனை, அதிலும் தாத்தாவுக்கு வந்த இழப்பை, இவர்கள் தீர்த்தாக வேண்டும் என்று யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆனாலும் அதை ஒரு நேர்த்திக்கடன் போல எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, 1840 வாக்கில்தான் முடித்தார்கள்.

இப்போது ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். 1839இல் வில்லியம் கல்யாணம் செய்துகொள்கிறார், வயது 49. 1840இல் கடன் தீர்கிறது. 1843இல் நிலம் வாங்குகிறார். ஐம்பது வயது வரை ஒண்டிக்கட்டையாக இருந்தவர், நாலு வருஷத்தில் குடும்பஸ்தர், கடனற்றவர், நிலக்காரர் ஆகிவிட்டார். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. பெயரைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான் வீடு, மனைவி, மண் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

கல்யாண விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். அண்ணன் ஜார்ஜ் ஹென்றி கட்டியது அத்தை மகளை. ஆமாம், அப்பாவின் சகோதரி மேரி, கிராலி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியாரை மணந்தார். அவர்கள் மகள் கரோலின்தான் ஜார்ஜ் ஹென்றியின் மனைவி. முறைப்பெண் கட்டுவது நம் பக்கத்துப் பழக்கம் மட்டும் இல்லை. கூட்டு வியாபாரத்தில் முதலும் நம்பிக்கையும் குடும்பத்துக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்று நினைத்த ஆங்கில வணிகர்களும் இதைத் தாராளமாகச் செய்தார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தம்பி வில்லியமும் அதே கிராலி வட்டத்தில்தான் பெண் எடுத்தார். மனைவி மெட்டில்டா பிளான்ச், கிளாஸ்டர்ஷயரின் ஃப்ளாக்ஸ்லி அபி மாளிகையைச் சேர்ந்த சர் தாமஸ் கிராலி-போவியின் மகள். பேரனெட் என்ற பரம்பரைப் பட்டம் உள்ள வீடு, மணமகளுக்கு 22 வயது. இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அந்த போவி குடும்பமே 17ஆம் நூற்றாண்டில் லண்டன் வியாபாரத்தில் சம்பாதித்து ஃப்ளாக்ஸ்லியை வாங்கியவர்கள்தான், ஃப்ளெமிஷ் வம்சாவளி. அதாவது வில்லியம் பின்னர் செய்யப்போவதை அவருடைய மாமனார் வீட்டு முன்னோர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள். அதற்குள் பழைய வியாபார வாசம் போய், 'பரம்பரைக் குடும்பம்' ஆகிவிட்டது.

சரி, பணத்துக்கு வருவோம்.

கிப்ஸ் கம்பெனிக்கு 1820களிலிருந்தே பெருவின் லிமா நகரில் கிளை இருந்தது. பெருக் கரையோரம் பிஸ்கோவுக்கு எதிரே சிஞ்சா என்று மூன்று சின்னத் தீவுகள். அந்தக் கடலில் மீன் கொள்ளை கொள்ளையாக உண்டு. அதைத் தின்ன நீர்க்காகங்களும் பிற கடற்பறவைகளும் லட்சக்கணக்கில் வந்து தங்கும். மழை கிட்டத்தட்டப் பெய்வதே இல்லை. எச்சம் கரைந்து ஓடாமல், நைட்ரஜன் சத்தும் போகாமல், அப்படியே காய்ந்து மலையாகக் குவிந்தது. சில இடங்களில் நூறு அடிக்கு மேல் ஆழம். இதன் பெயர் குவானோ. ஆண்டிஸ் மக்கள் காலங்காலமாக வயலுக்குப் போட்டதுதான்; ஜெர்மன் அறிவியலாளர் ஹம்போல்ட் இதன் மாதிரியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன பிறகே அங்கே கவனம் திரும்பியது.

1842இல் லிமா கிளைக்காரர்கள் பெரு அரசோடு குவானோ ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டு லண்டனுக்குத் தகவல் சொன்னார்கள். லண்டனில் இருந்த முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. அரசுக்கு முன்பணமாகப் பெரிய தொகை கொடுத்தாக வேண்டும், பதிலுக்கு வருவதோ பறவை எச்சம்! திவாலான அப்பாவின் பிள்ளைகள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? அதே 1842இல் அண்ணன் ஜார்ஜ் ஹென்றி வெனிஸில் இறந்துபோக, பொறுப்பு முழுவதும் வில்லியம் தலையில் விழுந்தது.

பயந்ததற்கு எதிர்மாறாக நடந்தது. இங்கிலாந்தில் டர்னிப்பும் கோதுமையும் பயிரிட்ட விவசாயிகள் இந்த உரத்துக்காக வரிசையில் நின்றார்கள். 1840களின் பிற்பகுதியிலிருந்து 1861 வரை பிரிட்டனுக்குள் வரும் பெரு குவானோ ஏறக்குறைய முழுவதும் கிப்ஸ் கை வழியாகவே வந்தது. 1856இல் இறக்குமதி இரண்டு லட்சம் டன்னைத் தாண்டியது. சரக்கு பெரு அரசுக்குச் சொந்தம். கிப்ஸ் விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொண்டார்கள், முன்பணத்துக்கு வட்டியும் வந்தது. விலை குறையவில்லை என்று விவசாயிகள் எவ்வளவு கொதித்தார்கள் என்றால், டன் 5 பவுண்டுக்குக் கிடைக்கும் மாற்று உரத்தைக் கண்டுபிடித்தால் 1,000 பவுண்டு பரிசு என்று ராயல் விவசாயச் சங்கம் 1852இல் அறிவித்தது. வில்லியம், பட்டமில்லாத ஆங்கிலேயர்களிலேயே பெரும் பணக்காரர் என்று பேசப்பட்டார். வெளிநாட்டுப் பறவை பேண்டதை விற்றுச் சம்பாதித்தவர் என்று கேலிப் பாட்டும் கட்டினார்கள்.

அந்தக் கேலி, பணத்தின் அசல் கறையை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். நாற்றம் எச்சத்தில் மட்டும் இல்லை. சிஞ்சாவில் அதை வெட்டியவர்கள் யார்? முதலில் அடிமைகளும் கைதிகளும். 1849க்குப் பிறகு சீனாவிலிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் கப்பலேற்றப்பட்ட கூலிகள். அந்த ஆண்டு தொடங்கி 1874 வரை பெருவுக்கு வந்த சீனத் தொழிலாளர் சுமார் ஒரு லட்சம் பேர். அவர்களில் தீவுக்குப் போனவர்கள் சில நூறு பேராகத்தான் இருந்தார்கள், ஆனால் மிக மோசமான இடம் அதுவே. அம்மோனியா கண்ணை எரிக்கும், தூசி மூச்சை அடைக்கும், நாளொன்றுக்கு இத்தனை டன் என்று கணக்கு, தவறினால் சவுக்கு. தாங்காமல் பாறையிலிருந்து கடலில் குதித்தவர்கள் உண்டு. கூலி வர்த்தகம் ஒருவித அடிமை வியாபாரமாகவே சீரழிந்துவிட்டதாக 1856இல் பெரு அரசே ஒப்புக்கொண்டது. தீவுகளை நடத்தியது கிப்ஸ் இல்லை, பெருவின் ஒப்பந்தக்காரர்கள். இந்தச் சமாதானம் அன்றும் சொல்லப்பட்டது. ஆனால் வெட்டுகிற கைக்கும் விற்கிற கைக்கும் நடுவே அவ்வளவு தூரம் ஒன்றும் இல்லை. இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்குக் கங்காணி பிடித்துப் போன நம் சனங்களின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இப்போது நிலம். வில்லியம் 1843இல் வாங்கியது 'டின்ட்ஸ் பிளேஸ்' என்ற சுமாரான வீடு, 1813 வாக்கில் கட்டியது. குடும்பத்தின் இன்னொரு கிளை பிரிஸ்டலில் கப்பல் வியாபாரம் நடத்தியது. பொறியாளர் புரூனல் கட்டிய 'கிரேட் பிரிட்டன்' கப்பலை 1850இல் வாங்கி ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிய கிப்ஸ்-பிரைட் கம்பெனி அவர்களுடையதுதான். வேலையாக அடிக்கடி பிரிஸ்டல் வந்துபோனவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு தேவைப்பட்டது. இருபது ஆண்டுகள் அப்படியே இருந்தார். பிறகு 1863 முதல் 1865 வரை கட்டடக்கலைஞர் ஜான் நார்ட்டனை வைத்து அந்த வீட்டை அடையாளம் தெரியாமல் மாற்றினார். கோபுரம், கூர்வளைவு, கல் சிற்பம் என்று கோதிக் பாணியில் ஒரு மாளிகை எழுந்தது. செலவு 70,000 பவுண்டு. பெயரும் டின்ட்ஸ்ஃபீல்டு ஆனது. சுற்றுப்பட்ட நிலங்களையும் வாங்கிப் போட்டுக்கொண்டே போனார்கள். உச்சத்தில் பண்ணை 6,000 ஏக்கரைத் தாண்டியது.

வில்லியம் நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை, பிரபுப் பட்டமும் வாங்கவில்லை. அவருடைய ஆசை முழுவதும் கோயில் கட்டுவதில்தான். ஆக்ஸ்ஃபோர்டு இயக்கம் என்ற பழமை வழிபாட்டுப் போக்கில் ஊறியவர். ஆக்ஸ்ஃபோர்டில் கீபிள் கல்லூரியின் பிரம்மாண்டமான வழிபாட்டுக்கூடம் அவர் பணம். எக்ஸிட்டரில், அதாவது அப்பா திவாலான அதே ஊரில், புனித மைக்கேல் தேவாலயமும் அவர் கட்டிக் கொடுத்ததே. அந்த ஊரைத் தேடிப்போய்க் கட்டினார் என்பதை நான் பக்திக் கணக்கில் மட்டும் சேர்க்க மாட்டேன்.

கடைசியாகத் தன் வீட்டை ஒட்டியே ஒரு வழிபாட்டுக்கூடம் எழுப்பினார். பாரிஸின் செயின்ட்-ஷாப்பெல் தேவாலயத்தின் மாதிரியில், ஆர்தர் பிளோம்ஃபீல்டு வடிவமைப்பில், 1870களில். அதன் அடியில் நிலவறை அமைத்துத் தன்னை அங்கே புதைக்க வேண்டும் என்று விரும்பினார். இங்கேதான் ஆரம்பத்தில் ஞாபகம் வைக்கச் சொன்ன உரிமை குறுக்கே வருகிறது. ராக்ஸால் ஊர்க்கோயிலுக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமை கிப்ஸ் வீட்டில் இல்லை, பழைய குடும்பமான கோர்ஜஸ் வீட்டாரிடம் இருந்தது. அவர்களும் ஊர்ப் பாதிரியாரும் எதிர்த்தார்கள். ஊர்க்கோயிலுக்குப் போட்டியாகப் பணக்காரர் வீட்டில் இன்னொரு கோயிலா என்று கேட்டார்கள். பிஷப்பும் அவர்கள் பக்கம் சாய, அந்தக் கூடத்துக்கு முறைப்படியான அர்ப்பணிப்பும் புதைக்கும் அனுமதியும் கிடைக்கவில்லை. இத்தனை ஆயிரம் ஏக்கர் வாங்கியவரால் ஆறடி வாங்க முடியவில்லை. 1875 ஏப்ரலில் வில்லியம் இறந்தார். அவருக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் நால்வர் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

பிறகு வந்த தலைமுறைகளை வேகமாகச் சொல்கிறேன். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்தக் குடும்பத்தில் ஆன்டனி, ஜார்ஜ், ஹென்றி, விக்கரி, ஆபிரகாம் என்ற ஐந்து பெயர்களையே திருப்பித் திருப்பி வைப்பார்கள். பிறந்த ஆண்டைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளாவிட்டால் தாத்தாவும் கொள்ளுப்பேரனும் ஒன்றாகிவிடுவார்கள்.

லண்டன் வியாபாரம் அண்ணன் மகன் ஹென்றி ஹக்ஸ் கிப்ஸ் கைக்குப் போனது. இவர் 1875 முதல் 1877 வரை இங்கிலாந்து வங்கியின் ஆளுநர், 1896இல் ஆல்டன்ஹாம் பிரபு. சித்தப்பாவுக்கு இல்லாத பட்டம் இவருக்கு வந்தது. இவர் சகோதரியின் கணவர் ஜார்ஜ் எட்வர்டு கோகெய்ன்தான் பிரிட்டிஷ் பிரபு வம்சங்களின் பெரிய தொகுப்பைத் தொடங்கியவர்; அடுத்த பதிப்பைக் கையில் எடுத்தவர் ஹென்றியின் மகன் விக்கரி. புதிதாகப் பிரபுவான வியாபாரி வீட்டுப் பிள்ளை, பழைய பிரபுக்களின் வம்சாவளியில் எது நிஜம், எது கட்டுக்கதை என்று திருத்திக்கொண்டிருந்தார்!

டின்ட்ஸ்ஃபீல்டு, வில்லியமின் மூத்த மகன் ஆன்டனிக்கு வந்தது. அவருடைய மகன் ஜார்ஜ் ஆபிரகாம் கிப்ஸ், 1906 முதல் 1928 வரை மேற்கு பிரிஸ்டலின் நாடாளுமன்ற உறுப்பினர். 1928இல் ராக்ஸால் பிரபு ஆனார். ஆக, நிலம் வாங்கி 85 ஆண்டுகள் கழித்துத்தான் இந்தக் கிளைக்குப் பட்டம்.

இவருடைய முதல் மனைவி 1920இல் காய்ச்சலில் இறந்த பின், 1927இல் உர்சுலா லாலியை மணந்தார். லாலி என்றதும் கோயம்புத்தூர்க்காரர்கள் நிமிர்ந்திருப்பார்கள். அதே லாலிதான். உர்சுலாவின் அப்பா சர் ஆர்தர் லாலி 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநர். லாலி ரோடு அவர் பெயரில் உள்ளது. பெரியப்பா வென்லாக் பிரபுவும் 1890களில் இங்கே ஆளுநராக இருந்தவர், ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் அவர் பெயர். வேளாண் பல்கலைக்கழகம் நிற்கும் சாலையின் பெயர்க்காரர், உரம் விற்று எழுந்த வீட்டுக்கு மாமனார். நான் இதை ஒரு வேடிக்கையாகத்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

1931இல் ராக்ஸால் பிரபு இறந்தபோது இரண்டு ஆண் பிள்ளைகளும் சின்னக் குழந்தைகள். உர்சுலாதான் வீட்டையும் பண்ணையையும் தாங்கிப் பிடித்தார். இரண்டாம் உலகப் போரில் பண்ணை நிலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவமனை நடந்தது. மூத்தவர் ரிச்சர்டு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் கடைசியில் ஒரு சில அறைகளில் மட்டும் வாழ்ந்தார். இதற்குள் லண்டன் கம்பெனியும் கைமாறி 1980இல் ஹாங்காங் வங்கிக்குள் கரைந்துவிட்டது. இதைக் கவனிக்க வேண்டும்: இந்தப் பண்ணையை நிலத்தின் வருமானம் என்றைக்கும் தனியாகத் தாங்கியதில்லை. 1870களின் கடைசியில் அமெரிக்கக் கோதுமை வந்து குத்தகை வருமானம் ஆங்கில கிராமங்களில் சரிந்தபோதும் இவர்கள் தடுமாறாமல் நின்றதற்கு லண்டன் பணம்தான் காரணம். அந்த ஊற்று நின்றபின் வீடு தானாகச் சுருங்கியது.

2001இல் ரிச்சர்டு இறந்தார். பட்டம் தம்பி யூஸ்டஸுக்குப் போனது. சொத்து அப்படிப் போகவில்லை; உயிலின்படி 19 பேருக்குப் பங்கு. மூத்த மகனுக்கே மொத்தமும் என்ற பழைய ஏற்பாடு அந்த வீட்டில் அதோடு முடிந்தது. பங்கு பிரிக்க விற்றே ஆக வேண்டும். பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நூறே நாளில் பொதுமக்களிடம் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, தேசியப் பாரம்பரிய நினைவு நிதியின் 1.74 கோடி பவுண்டையும் சேர்த்து 2002இல் வாங்கியது. உள்ளே போய்ப் பார்த்தால், நாலு தலைமுறை எதையும் தூக்கி எறியவில்லை. உடைந்த பொம்மை, பிரிக்காத பெட்டி, சமையலறைச் சாமான் எல்லாம் அப்படியே கிடந்தன. பட்டியல் போட ஆரம்பித்தவர்கள் எழுபதாயிரத்தைத் தாண்டி எண்ணினார்கள்.

இன்று யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கிக்கொண்டு அந்த வீட்டைப் பார்க்கலாம், வழிபாட்டுக்கூடத்துக்குள்ளும் போகலாம். வில்லியமின் கல்லறை மட்டும் அங்கே இல்லை. அதற்கு வாசலைத் தாண்டி வெளியே வந்து, ராக்ஸால் ஊர்க்கோயிலுக்குப் போக வேண்டும்.